பூங்கா இல்லாத பார்க் டவுன்: 116 ஏக்கர் மக்கள் பூங்கா கரைந்த கதை

சென்னை சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் மின்ரயில் நிலையத்தின் பெயர் பார்க். பக்கத்திலேயே பறக்கும் ரயில் நிற்கும் இடம் பார்க் டவுன். அஞ்சல் முகவரியிலும் பார்க் டவுன், சென்னை 600003 என்றுதான் எழுதுகிறோம். இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே பூங்காவிலிருந்து வந்தவை: பீப்பிள்ஸ் பார்க். 1859ல் திட்டமிட்டு, 116 ஏக்கரில், 11 குளங்களோடும் ஐந்தரை மைல் நீளப் பாதைகளோடும் போட்ட மக்கள் பூங்கா அது.

அதே நிலத்தில் இன்று புறநகர் ரயில் முனையம் நிற்கிறது. முன்பதிவு அலுவலகங்கள் நிற்கின்றன. ரிப்பன் மாளிகையும் அதன் புதிய இணைப்புக் கட்டடமும், விக்டோரியா ஹாலும், நேரு ஸ்டேடியமும், அல்லிக்குளம் வணிக வளாகமும், மெட்ரோ நிலைய வாசல்களும் நிற்கின்றன. பூங்கா என்று சொல்லத்தக்கதாக மிஞ்சியிருப்பது வடக்கே பெரியமேட்டுப் பக்கம் இருக்கும் மை லேடீஸ் பூங்கா ஒன்றுதான்.

பொழுதுபோக்கு இடங்கள் அழிவதைப் பற்றிப் பேசினால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது இடிக்கப்பட்ட சினிமா தியேட்டர்கள். அண்ணா சாலையில் போன தியேட்டர்களைப் பற்றி ஊரே பேசும், எழுதும், பெருமூச்சு விடும். அவை எல்லாம் தனியார் சொத்து, விற்பவர் விற்றார், வாங்குபவர் வாங்கினார். பீப்பிள்ஸ் பார்க் பொதுச் சொத்து. அதை விற்கவும் இல்லை, தனியார் ஆக்கிரமிக்கவும் இல்லை. ஒவ்வொரு துண்டும் ஏதோ ஒரு பொதுக் காரியத்துக்கே கொடுக்கப்பட்டது. ஒவ்வொரு காரியத்துக்கும் நியாயமும் இருந்தது. அப்படியிருந்தும் கடைசியில் நகரத்தின் நடுவே இருந்த மிகப்பெரிய பொது ஓய்விடம் இல்லாமல் போனது. இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள இதைவிடத் தெளிவான உதாரணம் தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

கவர்னர் போட்ட தோட்டம்

சார்லஸ் ட்ரெவெல்யன் 1859ல் சென்னை கவர்னராக வந்தார். அயர்லாந்துப் பஞ்ச காலத்தில் லண்டன் கருவூலத்தில் இருந்துகொண்டு அவர் நடந்துகொண்ட விதத்தை அந்த நாட்டு மக்கள் இன்றுவரை மன்னிக்கவில்லை. அதே மனிதர்தான் சென்னையில் சாதாரண ஜனங்களுக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று முனைந்தார். அவர் இங்கே இருந்தது ஓராண்டுக்குச் சற்றே அதிகம். கல்கத்தாவில் நிதிப் பொறுப்பில் இருந்த ஜேம்ஸ் வில்சன் கொண்டுவந்த வருமான வரியை எதிர்த்து, தன் எதிர்ப்பைப் பத்திரிகைக்கும் தெரியவிட்டதற்காக 1860ல் அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். பூங்கா வேலை அவர் போன பிறகும் நடந்தது.

அவர் தேர்ந்தெடுத்த இடத்தைக் கவனிக்க வேண்டும். இன்று ஜார்ஜ் டவுன் என்று நாம் சொல்லும் பகுதி அப்போது கறுப்பர் நகரம். நெருக்கமான வீடுகள், குறுகலான தெருக்கள், கோட்டைச் சுவருக்குள் அடைபட்ட வாழ்க்கை. அந்தச் சுவருக்கு மேற்கே, இன்றைய வால்டாக்ஸ் சாலையைத் தாண்டி, தாழ்வான நிலம் பரந்து கிடந்தது. வீட்டைவிட்டு நடந்தே வந்து காற்று வாங்கும் தூரம். வெள்ளைக்காரர்கள் வாழ்ந்த பங்களாப் பகுதிகளில் தோட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. தோட்டம் இல்லாதவர்களுக்குப் பக்கத்தில் தோட்டம் போட்டதுதான் இந்தத் திட்டத்தின் உயிர்.

குளங்கள் வெட்டினார்கள், பாதை போட்டார்கள், பேண்டு வாசிக்க மேடை கட்டினார்கள். 1863ல் மிருகக்காட்சி சாலையும் வந்து சேர்ந்தது. அதற்கு ஒரு முன்கதை உண்டு. எட்வர்ட் பால்ஃபோர் என்ற டாக்டர் அப்போது சென்னை அருங்காட்சியகத்தின் பொறுப்பாளர். அருங்காட்சியகத்தில் உயிருள்ள விலங்குகளை வைத்தால் கூட்டம் கூடுகிறது என்று கண்டுகொண்டவர், ஆற்காடு நவாபிடம் பேசி அவருடைய விலங்குகளை வாங்கி, 1855ல் எழும்பூர் வளாகத்திலேயே ஒரு சிறிய மிருகக்காட்சி சாலையைத் தொடங்கினார். அடுத்த ஆண்டிலேயே விலங்குகளும் பறவைகளுமாக 300ஐத் தாண்டிவிட்டது. இடம் போதாமல் பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாற்றி, நகராட்சியிடம் ஒப்படைத்தார்கள். எழும்பூரில் இருந்தது செத்த காலேஜ், பூங்காவில் இருந்தது உயிர் காலேஜ் என்று ஜனங்கள் பெயர் வைத்தார்கள். பட்டணம் பார்க்க வந்த கிராமத்துக் குடும்பம் எதுவும் இந்த இரண்டையும் பார்க்காமல் ஊர் திரும்பியதில்லை. சென்ட்ரலில் இறங்கினால் உயிர் காலேஜ் நடக்கும் தூரம். அங்கிருந்து செத்த காலேஜ், அப்புறம் கடற்கரை. பட்டணத்துப் பயணம் என்றால் பல தலைமுறைகளுக்கு இதுதான் வழித்தடம்.

டிசம்பர் கடைசியில் பார்க் ஃபேர் நடக்கும். வருஷம் பிறக்கும் நாட்களில் ஊர் முழுக்க அங்கே திரளும். 1886 டிசம்பர் 31 அன்று அந்தத் திருவிழாவில் தீப்பிடித்து நூற்றுக்கணக்கானோர் மாண்டார்கள். சென்னை கண்ட மிகக் கொடிய தீவிபத்துகளில் ஒன்று அது. அதற்குப் பிறகும் மக்கள் அந்த இடத்தைக் கைவிடவில்லை.

கட்டடங்கள் வரத் தொடங்கின

முதல் பெரிய கட்டடம் விக்டோரியா ஹால். ராணியின் பொன்விழாவை ஒட்டி, ஊர்ப் பிரமுகர்கள் பணம் திரட்டி, ராபர்ட் சிஷோம் வரைந்த வடிவத்தில், நம்பெருமாள் செட்டி 1888 முதல் 1890 வரை கட்டி முடித்தார். நிலம் நகராட்சியுடையது, 99 ஆண்டுக் குத்தகை. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை அங்கே நாடகம் போட்டது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் அங்கே பேசினார். சென்னையில் சினிமா முதன்முதலில் காட்டப்பட்ட இடங்களில் அதுவும் ஒன்று. பூங்காவின் ஒரு மூலை போனாலும் ஊருக்கு ஒரு பொது அரங்கம் கிடைத்தது. இதை நான் இழப்புக் கணக்கில் எழுதமாட்டேன்.

அடுத்தது மூர் மார்க்கெட். 1898ல் அடிக்கல், 1900ல் திறப்பு. பிராட்வேயில் நெருக்கியடித்துக் கிடந்த பழைய சந்தைக்கு மாற்றாக, நகராட்சித் தலைவர் ஜார்ஜ் மூர் பெயரில் எழுந்தது. தெற்கிந்திய தடகளச் சங்கம், அதாவது எஸ்.ஐ.ஏ.ஏ., மைதானத்துக்கு இடம் பெற்றது. 1909ல் தொடங்கி 1913ல் ரிப்பன் மாளிகை முடிந்தது. லோகநாத முதலியார் ஏழரை லட்சம் ரூபாயில் கட்டிய அந்த வெள்ளைக் கட்டடம்தான் இன்றும் மாநகராட்சியின் தலைமையகம். பூங்காவைப் பராமரிக்க வேண்டியவர்களே பூங்காவுக்குள் குடிவந்தார்கள்.

ஆக, 50 ஆண்டுகளில் பூங்காவின் முகப்பு முழுவதும் கட்டடமாகிவிட்டது. ஆனாலும் 1913ல் அங்கே நின்று பார்த்தவருக்கு இழப்பு தெரிந்திருக்காது. நாடகம் பார்க்க அரங்கம், பொருள் வாங்கச் சந்தை, விளையாட மைதானம், விலங்குகள் பார்க்கக் கூடம், உட்கார மரநிழல், படித்துறை உள்ள குளங்கள். ஒரு குடும்பம் காலையில் வந்து இருட்டும்வரை கழிக்க எல்லாமே ஒரே இடத்தில். இன்றைக்கு ஷாப்பிங் மால்கள் தருவதாகச் சொல்லிக்கொள்ளும் அனுபவத்தைக் காசில்லாதவனுக்கும் தந்த இடம் அது.

பின்னாளில் கார்ப்பரேஷன் ஸ்டேடியம் வந்தது. 1956 முதல் 1965 வரை ஒன்பது டெஸ்ட் போட்டிகள் அங்கே நடந்தன. 1956 ஜனவரியில் நியூஸிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் பங்கஜ் ராயும் முதல் விக்கெட்டுக்கு 413 ரன் சேர்த்தது அங்கேதான். அந்த உலக சாதனை 52 ஆண்டுகள் நிலைத்தது. 1962 ஜனவரியில் இங்கிலாந்தை 128 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தி இந்தியா முதன்முறையாக அவர்களிடமிருந்து டெஸ்ட் தொடரைக் கைப்பற்றியதும் அங்கேதான். பெரிய கிரிக்கெட் மறுபடி சேப்பாக்கத்துக்கே போய்விட்டதால் இந்த மைதானத்தின் கிரிக்கெட் கதை பலருக்கு மறந்தேபோனது.

மூர் மார்க்கெட்

சிவப்புச் செங்கல் கட்டடம், இந்தோ சாரசெனிக் பாணி, நாற்புறமும் வளைவுகள், நடுவே முற்றம். கட்டடத்துக்குள் இருந்த கடைகளைவிட அதைச் சுற்றி முளைத்த கடைகள்தான் அதன் புகழுக்குக் காரணம். பழைய புத்தகம், பழைய கிராமபோன் ரிக்கார்டு, வெண்கலச் சாமான், கடிகாரம், கேமரா, லவ் பேர்ட்ஸ், புறா, வெள்ளெலி, ஜாம் பாட்டிலில் மீன், நாய்க்குட்டி. அங்கே கிடைக்காத பொருள் இல்லை என்ற பேச்சு வெறும் பெருமை இல்லை.

புத்தகக் கடைகளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முகப்பு அட்டையைத் திறந்தால் உள்பக்கத்தில் பென்சிலால் ஒரு விலை எழுதியிருக்கும். அதை யாரும் விலையாக எடுத்துக்கொள்வதில்லை. தேடி வந்த புத்தகம் கண்ணில் பட்டாலும் முகத்தில் காட்டக் கூடாது. பக்கத்தில் இருக்கும் வேறு புத்தகத்தை எடுத்துப் புரட்டி, விலை கேட்டு, வேண்டாம் என்று வைத்துவிட்டு, போகிறபோக்கில் இதையும் கேட்பதுபோல் கேட்க வேண்டும். கடைக்காரருக்கு அது தெரியாமலா இருக்கும்? அவர் பத்து சொல்வார், நாம் இரண்டு சொல்வோம். "அட போ சார், கட்டுப்படியாகாது" என்பார். நாலு அடி நடந்ததும் கூப்பிடுவார். மூன்றரைக்குப் படியும். அந்தப் புத்தகத்தை அடுத்த வருஷம் அவரிடமே கொண்டுபோய்க் கொடுத்தால் ஒரு ரூபாய் தருவார்.

எதிரே மருத்துவக் கல்லூரி இருந்ததால் கனத்த மருத்துவப் பாடநூல்கள் கைமாறிக்கொண்டே இருந்தன. புதிய விலைக்கு வாங்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அந்தக் கடைகளை நம்பிப் படித்து முடித்தார்கள். வெளியூர் நூலகத்துக்காரர்கள், ஆராய்ச்சி மாணவர்கள், எழுத்தாளர்கள் எல்லோருக்கும் அது தேடுமிடம். காகித விலைக்கு எடைக்குப் போயிருக்க வேண்டிய அரிய தமிழ்ப் பதிப்புகள் பல அங்கே யாரோ ஒருவர் கண்ணில் பட்டுத்தான் பிழைத்தன. வாங்குவதற்கு எதுவும் இல்லாவிட்டாலும் சும்மா சுற்றிவரப் போகலாம். பெரும்பாலோர் அதற்காகத்தான் போனார்கள். திட்டமிடுபவர்கள் மூர் மார்க்கெட்டைச் சந்தை என்று மட்டுமே எண்ணினார்கள், அது ஒரு பொழுதுபோக்கு இடம் என்பதை அவர்கள் ஏடுகள் கவனித்ததே இல்லை. கடைகளுக்கு மாற்று இடம் கொடுத்தால் விஷயம் முடிந்தது என்று நினைத்ததற்குக் காரணம் இதுதான்.

1985 கோடை

இந்த ஆய்வின் மையம் ஒரே கோடையில் நடந்த இரண்டு சம்பவங்கள்.

1985 மே 30 அன்று மூர் மார்க்கெட் தீக்கிரையானது. அதே ஆண்டு ஜூலை 24 அன்று வண்டலூரில் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவை முதலமைச்சர் எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். எட்டு வாரத்துக்குள் பீப்பிள்ஸ் பார்க்கின் இரண்டு பெரிய ஈர்ப்புகளும் அந்த இடத்தில் இல்லாமல் போயின. இரண்டையும் சேர்த்துப் பேசியவர் குறைவு. தீ ஒரு விபத்துச் செய்தி, வண்டலூர் ஒரு சாதனைச் செய்தி. தனித்தனியாகவே அவை நம் நினைவில் பதிந்திருக்கின்றன.

மிருகக்காட்சி சாலையை மாற்றியது சரியான முடிவு. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. சென்ட்ரலின் ரயில் சத்தம், புகை, நெரிசல், பக்கத்திலேயே சந்தை, இவற்றுக்கு நடுவே சின்னக் கூண்டில் சிங்கத்தை அடைத்துவைத்திருந்தது கொடுமை. வனத்துறை 1976ல் வண்டலூரில் 1,265 ஏக்கர் ஒதுக்கியது. அகழி சூழ்ந்த திறந்த அடைப்புகளில் விலங்குகள் நடமாட முடிந்தது. விலங்குகளுக்கு விடிவு. ஆனால் விலங்குகள் கிளம்பியதும் காலியான நிலம் எதற்கு என்ற கேள்வியை யாரும் உரக்கக் கேட்கவில்லை. மரங்கள் இருந்தன, குளம் இருந்தது, பாதைகள் இருந்தன. கூண்டுகளை அப்புறப்படுத்தியிருந்தால் பூங்கா திரும்பக் கிடைத்திருக்கும். 1859ல் அந்த நிலம் எதற்காக ஒதுக்கப்பட்டதோ அதற்கே அதைத் திருப்பிக் கொடுக்க அப்படியொரு வாய்ப்பு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வரவில்லை. வண்டலூர் சென்ட்ரலிலிருந்து 30 கிலோமீட்டருக்கும் மேல். பெரியமேட்டிலும் சூளையிலும் யானைக்கவுனியிலும் இருக்கும் குழந்தைகளுக்கு மாலையில் நடந்துபோகும் இடமாக அது ஒருநாளும் ஆக முடியாது.

மூர் மார்க்கெட் விஷயம் வேறு. சென்ட்ரலுக்கு இடம் போதவில்லை. 1979ல் கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் வழித்தடங்கள் மின்மயமாகிப் புறநகர் ரயில் பெருகியதும் தனி முனையம் தேவைப்பட்டது. ரயில்வேயின் கண் பக்கத்து நிலத்தின் மீது விழுந்ததில் வியப்பில்லை. தேவை உண்மையானது. தினமும் வேலைக்கு வந்துபோகும் ஜனங்களின் தேவை அது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. தீப்பிடித்தபோது, இடம் யாருக்கு வேண்டியிருந்தது என்பதை வைத்து ஊரில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். சதி என்று எதுவும் நிரூபணமாகவில்லை. தீ எப்படிப் பிடித்தது என்பதைவிட, பிடித்த பிறகு எடுத்த முடிவுதான் இந்த ஆய்வுக்கு முக்கியம். செங்கல் சுவர்கள் நின்றன. சீரமைத்திருக்கலாம். அதைச் செய்யாமல் எஞ்சியதையும் இடித்துத் தள்ளினார்கள். இடத்தில் ரயில்வேயின் உயரமான கட்டடமும் புறநகர் முனையமும் வந்தன. அதற்கு மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸ் என்றே பெயர். பயணச்சீட்டிலும் கால அட்டவணையிலும் அந்தப் பெயர் இன்றும் ஓடுகிறது.

வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்தில் பழைய கட்டடத்தின் சிறிய மாதிரி ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறார்கள். செங்கல் நிறம், அதே வளைவுகள், அதே கோபுரங்கள். சுற்றிலும் வண்டிகளை நிறுத்திவிட்டு ரயிலுக்கு ஓடுகிறவர்கள் அதை நின்று பார்ப்பதில்லை. குழந்தைகள் மட்டும் சில நேரம் கைகாட்டிக் கேட்கிறார்கள். நல்ல எண்ணத்தில் வைத்ததுதான். கட்டடத்தைக் காப்பாற்றச் செலவழிக்க மனம் வராத ஒரு நகரம் அதன் பொம்மைக்கு இடம் ஒதுக்கியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

வியாபாரிகளுக்குக் கிடைத்தது அல்லிக்குளம் வளாகம். பீப்பிள்ஸ் பார்க்கின் குளங்களில் ஒன்று அல்லிக்குளம். குளம் இருந்த இடத்தில் கான்கிரீட் கட்டடம். பெட்டி பெட்டியாகச் சின்னக் கடைகள், மேலே ஏறிப் போக வேண்டிய தளங்கள். பெருஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருப்பதால் ரயிலேற வந்தவன் வழியில் எட்டிப் பார்க்கும் வாய்ப்பு போனது. மூர் மார்க்கெட்டுக்கு வந்த கூட்டத்தில் பாதி எதையும் வாங்கும் நோக்கமில்லாமல் வந்தது என்று சொன்னேனே, அந்தப் பாதி அல்லிக்குளத்துக்கு வரவில்லை. சில புத்தகக் கடைகளும் மீன் கடைகளும் தாக்குப்பிடித்தன. பின்னாளில் அதே வளாகத்தில் நீதிமன்றங்களும் வந்தன. அல்லிக்குளம் என்றால் இன்றைய செய்தித்தாள் வாசகருக்கு வழக்கு விசாரணைதான் நினைவுக்கு வரும்.

மாமன்றம் இல்லாத 22 ஆண்டுகள்

இத்தனையும் நடந்தபோது ரிப்பன் மாளிகைக்குள் என்ன நடந்தது? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் எனக்கு மிக முக்கியமாகத் தோன்றிய விஷயம் கிடைத்தது. உள்ளே மாமன்றமே இல்லை. சென்னை மாநகராட்சியின் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் 1973ல் கலைக்கப்பட்டது. அடுத்த தேர்தல் நடந்தது 1996ல். இடைப்பட்ட 22 ஆண்டுகளும் அரசு நியமித்த அதிகாரிகளே நகரத்தை நடத்தினார்கள்.

1985ன் தீயும் வண்டலூர் மாற்றமும் அந்த இடைவெளிக்குள் வருகின்றன. பழைய கார்ப்பரேஷன் ஸ்டேடியத்தை இடித்துவிட்டு 1993ல் நேரு ஸ்டேடியத்தைக் கட்டியதும் அந்த இடைவெளிக்குள்தான். பூங்காவின் சொந்தக்காரர் மாநகராட்சி. மாநகராட்சிக்கு மக்களின் குரலாகப் பேச அப்போது யாரும் இல்லை. பெரியமேட்டு வார்டின் உறுப்பினர் எழுந்து, "எங்கள் பிள்ளைகள் இனி எங்கே விளையாடுவார்கள்" என்று கேட்கக்கூடிய மன்றமே மூடிக்கிடந்தது. ரயில்வே ஒரு துறை, வனத்துறை ஒரு துறை, விளையாட்டுக்கு ஒரு துறை. ஒவ்வொன்றும் தன் தேவையைக் கோப்பில் எழுதி எடுத்துவந்தது. சும்மா உட்கார்ந்து காற்று வாங்குவது எந்தத் துறையின் வேலையும் இல்லை. ஆகவே அதற்கு ஒரு கோப்பும் இல்லை.

இருந்திருந்தால் மாமன்றம் பூங்காவைக் காப்பாற்றியிருக்குமா? அப்படி அடித்துச் சொல்ல முடியாது. விக்டோரியா ஹாலுக்கும் மூர் மார்க்கெட்டுக்கும் ரிப்பன் மாளிகைக்கும் நிலம் போனது நகராட்சி இயங்கிய காலத்தில்தான். ஆனால் விவாதம் நடந்திருக்கும், எதிர்ப்பு பதிவாகியிருக்கும், மாற்று யோசனை ஒன்றாவது மேசைக்கு வந்திருக்கும்.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959ல் வந்தது, பீப்பிள்ஸ் பார்க்கைத் திட்டமிட்டு நூறாண்டு நிறைந்த அதே வருஷம். உள்ளாட்சி அமைப்பு தன் எல்லைக்குள் இருக்கும் பூங்காக்களையும் திடல்களையும் பட்டியலிட வேண்டும், பட்டியலில் இருப்பதை வேறு பயனுக்கு எளிதில் மாற்றக் கூடாது என்பது அதன் அடிப்படை. பட்டியலை உயிரோடு வைத்திருக்க வேண்டியது உள்ளாட்சி, அந்த உள்ளாட்சியோ தேர்தலைக் காணாமல் கிடந்தது. பழமையான கட்டடங்களுக்குப் பாதுகாப்பு இன்னும் தாமதமாக வந்தது. அண்ணா சாலையின் பாரத் இன்சூரன்ஸ் கட்டட வழக்கில் 2010ல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகுதான் சென்னையில் மரபுக் கட்டடங்களுக்கென ஒரு குழு உறுதியாகச் செயல்படத் தொடங்கியது. மாநில மரபு ஆணையச் சட்டம் 2012ல் வந்தது. மூர் மார்க்கெட்டின் சுவர்கள் இடிபட்டபோது இவற்றில் ஒன்றும் இல்லை.

அந்தச் சட்டங்களும் கட்டடத்தைத்தான் காக்கின்றன. விக்டோரியா ஹாலையும் ரிப்பன் மாளிகையையும் இனி யாரும் தொட முடியாது, நல்லது. இரண்டுக்கும் நடுவே இருந்த புல்வெளிக்கு அப்படி ஒரு காவல் இல்லை. மெட்ரோ ரயில் பணி வந்தபோது இந்த வட்டாரம் முழுவதும் பல ஆண்டுகள் தடுப்புத் தகரங்களுக்குள் கிடந்தது. 2018ல் சென்ட்ரல் மெட்ரோ நிலையம் திறந்தது, பயனுள்ள நிலையம். அதையொட்டி நடைபாதைகளும் சதுக்கமும் அமைத்திருக்கிறார்கள். ரயில் மாறும் ஜனங்களுக்கு அவை வசதி. உட்கார்ந்திருக்கிறவனைக் காவலர் எழுப்பாத இடம் என்று சொல்லும்படி அங்கே அதிகம் இல்லை.

இன்று அங்கே நடந்தால்

பார்க் நிலையத்தில் இறங்கி, சுரங்கப் பாதையில் பூந்தமல்லி நெடுஞ்சாலையைக் கடந்து, விக்டோரியா ஹாலையும் ரிப்பன் மாளிகையையும் தாண்டி, நேரு ஸ்டேடியத்தின் மதிலை ஒட்டி மை லேடீஸ் பூங்கா வரை நடந்துபாருங்கள். பழைய பூங்காவின் தெற்கு முனையிலிருந்து வடக்குப் பக்கம்வரை கிட்டத்தட்ட முழுவதும் கடந்துவிடலாம். வழியெங்கும் மதில், மதிலுக்குள் கதவு, கதவில் காவலர். மதிலுக்குள் இருப்பவை எல்லாமே பொதுச் சொத்துதான். ஸ்டேடியம் பெரிய போட்டி நாட்களில் நிரம்பும். மற்ற நாட்களில் பயிற்சிக்கு வருபவர்களுக்கு மட்டும் திறக்கும். பதிவும் கட்டணமும் அனுமதியும் இல்லாமல் சும்மா நுழையக்கூடிய இடம் கடைசியில் இருக்கும் மை லேடீஸ் பூங்கா. அங்கே காலையில் பெரியமேட்டுப் பெரியவர்கள் நடக்கிறார்கள், மாலையில் பிள்ளைகள் ஊஞ்சலுக்கு வரிசையில் நிற்கிறார்கள். மழைக்காலத்தில் சுற்றியுள்ள சாலைகளில் தண்ணீர் தேங்கும்போது, 11 குளங்கள் இருந்த நிலம் இது என்பது எனக்கு நினைவுக்கு வரும்.

நகரம் பூங்காவே போடுவதில்லை என்று சொல்லவில்லை. உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்த இடத்தில் 2010ல் செம்மொழிப் பூங்கா வந்தது, எதிரே தோட்டக்கலைச் சங்கத்திடமிருந்து மீட்ட நிலத்தில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா வந்தது. போன நிலம் திரும்பவும் கிடைக்கும் என்பதற்கு அவை சாட்சி, மகிழ்ச்சி. இரண்டும் கதீட்ரல் சாலையில், இரண்டுக்கும் கட்டணம். ட்ரெவெல்யன் தேர்ந்தெடுத்த நெரிசலான வடசென்னை ஓரத்துக்கு அப்படி ஒன்று வரவில்லை.

இந்த வட்டாரத்தில் இனி வரும் ஒவ்வொரு கட்டுமானத்துக்கும் முன்னால் மாநகராட்சி செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. பழைய 116 ஏக்கரின் எல்லையை இன்றைய வரைபடத்தின் மீது வைத்து, அதில் எத்தனை ஏக்கர் யார் கையில் இருக்கிறது, எத்தனை இன்னும் கட்டடமில்லாமல் இருக்கிறது என்று கணக்கெடுத்து மாமன்றத்தில் வைக்க வேண்டும். மை லேடீஸ் பூங்கா, விக்டோரியா ஹாலைச் சுற்றிய தரை, ஸ்டேடியத்தின் வெளிப்புறத் திடல்கள், ரயில்வேயின் வாகன நிறுத்தங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் வர வேண்டும். மிஞ்சியதை 1959ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலில் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். இப்போது மாமன்றம் இருக்கிறது, வார்டு உறுப்பினர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கூடும் மாளிகையே அந்தப் பூங்காவின் நிலத்தில்தான் நிற்கிறது. பெரியமேடு, சூளை, பார்க் டவுன் மக்கள் தங்கள் உறுப்பினரிடம் போய்க் கேட்க வேண்டியது இந்தக் கணக்கைத்தான்.